பதினோரு பக்க இணைப்பு

உங்கள் மனுவைக் கொஞ்சம் காட்டுங்கள். பயப்படாதீர்கள், நான் இந்த ஆபீஸ் ஆள் இல்லை. உங்களைப் போல டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவன்தான். உங்களுக்கு எத்தனை? பத்தொன்பதா. எனக்குப் பதினாலு. உள்ளே இப்போதுதான் எட்டு போயிருக்கிறது. கண்காணிப்பாளர் ஒரு மனுவுக்கு இரண்டு தடவை கண்ணாடியைத் துடைக்கிற ஆள். நேரம் இருக்கிறது.

ம். யார் எழுதியது, நீங்களேவா? தெரிகிறது. அனுப்புநர் இருக்கிறார், பெறுநர் இருக்கிறார், பொருள் இருக்கிறது. பார்வை எங்கே? இதற்கு முன்னால் எந்தக் கடிதத்தின் பேரில் இந்தக் கடிதம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சரி, இணைப்பாவது உண்டா? அதுவும் இல்லை. ஒரே பக்கம். ஒரு பக்க மனுவை இவர்கள் பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றக்கூட எடுக்க மாட்டார்கள். மனு என்றால் வாங்குகிறவன் கை கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

இதைப் பிடித்துப் பாருங்கள். இறங்குகிறதா? நாற்பத்தொரு பக்கம்.

எனக்காக இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. அமுதவல்லி என்று ஒரு பெண், என்னோடு வேலை பார்த்தவள், அவளுக்காக. நான் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பாள். எங்கள் ஆட்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றால் அவர்களுக்குத் தெரியாமல்தான் செய்ய வேண்டும்.

நான் ஆம்புலன்ஸில் டெக்னீசியன். பதினான்கு வருஷம். வண்டியில் இரண்டு பேர் இருப்போம். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பின்னால் நோயாளியோடு இருப்பார். பின்னால் இருப்பவர்தான் டெக்னீசியன். ஓட்டுகிறவரை எங்கள் துறையில் பைலட் என்பார்கள். எங்கள் வண்டி முனியாண்டி பத்தாம் வகுப்பு கணக்கை மூன்று தடவை எழுதியவன். அவனை நான் பைலட் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு நாள் வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் ஒரு பொம்மையின் நெஞ்சை அழுத்திக் காட்ட வேண்டும். அந்தப் பொம்மை போன அக்டோபரில் கெட்டுப்போனது. அழுத்தினால் நெஞ்சு கீழே போகும், மேலே வராது. பயிற்சி மையத்து டாக்டர் புதுப் பொம்மை கேட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடிதத்தைப் பார்த்தேன். நாலு வரி. இணைப்பு இல்லை. பொம்மை எப்படி வரும்? பொம்மையும் வரவில்லை, டாக்டர் இடத்துக்கு டாக்டரும் வரவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எங்கள் மாவட்டத்தில் இருபத்துமூன்று பேர் சான்றிதழ் ஒரே நாளில் காலாவதியானது.

வண்டி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஓட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று மேலேயிருந்து சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் மேலே என்பார்கள். அந்த மேலேக்குக் கையெழுத்து கிடையாது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் சான்றிதழ் இல்லாமலே ஓடினோம். ஏப்ரல் நடுவில் சுற்றறிக்கை வந்தது. செல்லத்தக்க சான்றிதழ் இல்லாதவர்களை மே ஒன்றாம் தேதி முதல் வண்டியில் ஏற்றக் கூடாது. தேர்வு நடக்காததால் பாதிக்கப்பட்டவர்கள் காலநீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் டீக்கடையில் எல்லாரும் கூடினோம். இருபத்துமூன்று பேர். உயிரைப் பிடித்து இழுத்து வருகிற கூட்டம் என்று வெளியே பெயர். ஒருவனுக்கும் பெறுநர் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாது. நைனா முகமது மட்டும் ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்களில் மூத்தவர், நல்ல மனுஷன், ஆனால் எழுத்து வராது. என்ன எழுதியிருந்தார் தெரியுமா? தேர்வு நடத்தப்படவில்லை, அது எங்கள் குற்றமில்லை, ஆறு மாதம் நீட்டித்துத் தரவும். முடிந்தது. கீழே இருபத்துமூன்று கையெழுத்துக்கு இடம்.

நான் சிரித்துவிட்டேன்.

“என்ன பாய், ரேஷன் கார்டுல பேர் நீக்கக்கூட இதைவிடப் பெரிசா எழுதணுமே,” என்றேன்.

“இவ்வளவுதானே வேலாயுதம் விஷயம்? இதுக்கு மேல அவங்களுக்கு எதுக்கு?” என்றார்.

இதுதான் இவர்கள் புத்தி. அந்த நாலு வரியில் நாங்கள் யார் என்று எங்கே இருக்கிறது? எங்களை நீட்டித்தால் அவர்களுக்கு என்ன லாபம், நீட்டிக்காவிட்டால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று எங்கே இருக்கிறது? நான் எழுதுகிறேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை. எழுதத் தெரிந்தவன் ஒருவன் இருக்கும்போது யார் மறுப்பார்கள்? நைனா மட்டும் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் லீவு போட்டு எழுதினேன். மனு மூன்று பக்கம். அது சாதாரணம், யாரும் எழுதலாம். இணைப்புதான் விஷயம். பதினோரு பக்கம். பக்கத்துக்கு ஒரு கேஸ். ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் ஆட்கள் செய்ததிலேயே பெரிய கேஸ்கள் பதினொன்று. கேஸ் ஷீட்டுகளைத் தோண்டி எடுத்தேன். ஐந்து பேர் செய்தவை. நோயாளி பெயர், ஊர், நேரம், டெக்னீசியன் பெயர், செய்த சிகிச்சை, எல்லாம் கட்டம் கட்டி எழுதினேன். கடைசிக் கட்டம் என் சொந்த யோசனை. அந்த கேஸ் நடந்தது சான்றிதழ் காலாவதியான எத்தனையாவது நாள் என்று. ஒன்பதாம் நாள், இருபத்திரண்டாம் நாள், நாற்பத்தாறாம் நாள். பார்க்கிறவனுக்கு உறைக்க வேண்டும். நீ தேர்வு நடத்தவில்லை, நாங்கள் நிறுத்தவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் வெட்கம் வரும்.

என் பெயரை ஒரு பக்கத்திலும் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி நானே எழுதிக்கொள்வது அழகில்லை. தவிர, அந்த மூன்று மாதமும் எனக்கு முதுகுவலி. பெரும்பாலும் ஆம்புலன்ஸ் ஸ்டேஷனில் ரிஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றில் கடைசி கேஸ் அமுதவல்லியுடையது. எழுபத்திரண்டாம் நாள். கீழக்குடிக்கு உள்ளே ஏதோ ஒரு ஊரிலிருந்து பிரசவ வலிக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். காலை பத்து மணி. கீழக்குடி ரயில்வே கேட் மூடிவிட்டது. பதினெட்டு நிமிஷம். முதலில் சரக்கு ரயில், அப்புறம் பாசஞ்சர். வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. பிறந்தது அழவில்லை, நீலமாக இருந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது. அவிழ்த்து, சளியை உறிஞ்சி, சின்னக் காற்றுப் பையை வாயில் வைத்து அமுக்கி, அமுக்கி, பாசஞ்சரின் கடைசிப் பெட்டி போகும்போது குழந்தை அழுதது என்றான், அன்று அவள் வண்டியை ஓட்டிய முனியாண்டி. அவனும் அழுதிருப்பான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர்.

அவள் எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். ஆறு வரி. தாயும் சேயும் நலம். இதைப் போய் அப்படியே இணைப்பில் வைக்க முடியுமா? நான் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க. அதில் ஒரு வரி எனக்கே பிடித்துப்போனது. சொல்கிறேன் கேளுங்கள். ‘கட்டுப்பாட்டு அறை மருத்துவரைத் தொலைபேசியில் தொடர்புகொள்ள இயலாத நிலையிலும், எவருடைய ஆலோசனையுமின்றித் தாமே முடிவெடுத்து, தமது சான்றிதழ் காலாவதியான எழுபத்திரண்டாம் நாளில், இரண்டு உயிர்களை மீட்டார்.’

எப்படி?

ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? அவளும் இப்படித்தான் சுளித்தாள். கையெழுத்துப் போட டீக்கடைக்கு வந்தவள் தன் பக்கத்தை மட்டும் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஊசி, பிரசவம், இப்படி எது செய்தாலும் கண்ட்ரோல் ரூம் டாக்டர் லைனில் இருக்க வேண்டும். அவர் சொல்ல வேண்டும், நாம் செய்ய வேண்டும். அந்தக் கேட்டில் லைன் கிடைக்காது. எல்லாருக்கும் தெரியும்.

“அண்ணே, இந்த ஒரு வரியை எடுத்துருங்க,” என்றாள்.

“அந்த வரிதாம்மா மனுவுக்கே உயிரு,” என்றேன்.

“மனுவுக்கு இருக்கட்டும்ணே. எனக்கு வேணாம்.”

பார்க்கிறேன் என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பார்க்கிறேன் என்று சொன்னதைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்தேன். பல் பிடுங்கின வாய் மாதிரி இருந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.

பயம். வேறு ஒன்றுமில்லை. செய்வதற்குப் பயமில்லை, செய்ததைச் சொல்லப் பயம். விதி தெரிந்தவனுக்கு இந்தப் பயம் வராது. எனக்கே ஒரு கேஸ், மூன்று வருஷம் இருக்கும். ஒரு பெரியவர், நெஞ்சுவலி. ஒரு ஊசி போட வேண்டும், டாக்டர் லைனில் வரவில்லை. வண்டியில் கூட வந்த மகள் போடுங்கள், போடுங்கள் என்கிறாள். முனியாண்டி முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நான் காத்திருந்தேன். ஒன்பது நிமிஷம். ஆறு தடவை அழைத்தேன், ஆறு தடவைக்கும் நேரம் எழுதினேன். பெரியவர் பாலம் தாண்டும்போது போய்விட்டார். என் மேல் ஒரு மெமோ கிடையாது. கேஸ் ஷீட் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு என் ஷீட்டைப் பயிற்சி மையத்தில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். முனியாண்டி அன்று வண்டியைக் கழுவிவிட்டுப் போனவன், அதற்கப்புறம் என்னோடு டீ குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் போகிறான்.

எங்கே விட்டேன்? மனு. ஏப்ரல் இருபத்தாறாம் தேதி இதே ஆபீஸில், அதோ அந்த ஜன்னலில் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். எங்கள் ஆட்கள் இதுவரை எதற்கும் ஒப்புகை வாங்கியதில்லை.

நாலு நாள் கழித்து நைனா வந்து இங்கே ஒரு எழுத்தரைப் பார்த்திருக்கிறார். அவர் தூரத்துச் சொந்தமாம். எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டாராம். ஒரு பக்கம் கொடுத்திருந்தால் துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டிருப்பார், கோப்பு தயாராக இருந்தது, பக்கத்து மாவட்டத்துக்கெல்லாம் அப்படித்தான் போட்டார், இந்தப் பதினோரு பக்கத்தைப் பார்த்த பிறகு எப்படிப் போடுவார், சான்றிதழ் இல்லாமல் இன்னார் இன்ன தேதியில் இன்னது செய்தார் என்று எழுத்தில் வந்த பிறகு அவருக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார் என்று. நைனா இதை என்னிடம் வந்து சொன்னார், என்னவோ நான் தப்புச் செய்துவிட்ட மாதிரி.

துணை இயக்குநருடைய கோழைத்தனத்துக்கு நான் என்ன செய்வேன்? அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். எழுதாமல் இருந்தால் தெரியாது, எழுதினால் தெரியும் என்றால் அது என்ன அதிகாரம்?

மே மூன்றாம் தேதி உத்தரவு வந்தது. பதினெட்டுப் பேருக்கு ஆறு மாத நீட்டிப்பு. எனக்கும்தான். இணைப்பில் பெயர் இருந்த ஐந்து பேருக்கு மெமோ. சான்றிதழ் இல்லாத நிலையில் சிகிச்சை அளித்தது குறித்து விளக்கம் தருக. அதில் நாலு பேர் டாக்டர் லைனில் இருந்தார், அவர் சொன்னதைத்தான் செய்தோம் என்று எழுதினார்கள். கண்ட்ரோல் ரூமில் பதிவும் இருந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அமுதவல்லிக்கு அப்படி எழுத வழியில்லை. லைனில் யாரும் இல்லை என்றுதான் மனுவிலேயே இருக்கிறதே, அவள் கையெழுத்தோடு. அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு மாவட்டத்திலும் வண்டி ஏற முடியாது, சான்றிதழையே ரத்து செய்ய உத்தேசம் என்று போட்டிருந்தது. பதினோரு வருஷம் வேலை பார்த்தவள்.

சீருடையைத் திருப்பிக் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ரிஜிஸ்டரில் நான்தான் வரவு வைத்தேன். இரண்டு செட், ஒரு பெல்ட். எல்லாரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனும் உள்ளே வரவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

“ரொம்ப நல்லா எழுதுறீங்கண்ணே,” என்றாள். “இனிமே என்னைப் பத்தி மட்டும் எழுதாதீங்க.”

முதலில் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, மனவருத்தத்தில் சொன்னது. பெரிதுபடுத்தக் கூடாது.

அன்றிலிருந்து என்னோடு யாரும் பேசுவதில்லை. எழுத்தில்லாத கூட்டம். எழுதினவனைத்தான் கைகாட்டுவார்கள். டூட்டி போடும்போது என்னோடு ஏற ஆள் இல்லை, அதனால் நிரந்தரமாக ரிஜிஸ்டருக்கே போட்டுவிட்டார்கள். எனக்கு அது சௌகரியம்.

ஆனால் நான் அவர்களைப் போல இல்லை. இரண்டு மாதமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை காலை பதினோரு மணிக்கு அவளுக்கு இதே மாடியில் கடைசி விசாரணை. கடைசி என்றால் கடைசிதான், அதற்கு மேல் போக இடமில்லை. அவள் கையில் என்ன வைத்திருக்கிறாள் தெரியுமா? ஒரு காகிதம். மறுபடியும் ஒரே ஒரு காகிதம். நைனா ஏற்பாடு. கேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், சிக்னல் இருந்த இடத்தில், முனியாண்டி போனிலிருந்து அவள் பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டு டாக்டரை அழைத்திருக்கிறாள். அந்த டாக்டரம்மா, வழியில் வந்துவிட்டால் பயப்படாதே, இப்படி இப்படிச் செய் என்று ஒரு நிமிஷம் சொல்லியிருக்கிறார். அதை இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். என் ஆலோசனையின் பேரில் செய்யப்பட்டது என்று. அதைக் காட்டினால் போதும், மற்ற நாலு பேரோடு சேர்த்து அவளையும் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று எழுத்தர் சொன்னாராம். முனியாண்டி வண்டி ஷெட்டில் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் உள்ளே ரிஜிஸ்டரோடு இருந்தது அவனுக்குத் தெரியாது.

எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. பொய் இல்லைதான். ஆனால் அது கேட்டுக்கு முன்னால் நடந்தது. கேட்டில் நடந்தது வேறு. கேட்டில் அவள் தனியாக இருந்தாள். பதினெட்டு நிமிஷமும் தனியாக. அவள் செய்த காரியத்தை யாரோ ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்துச் செய்ததாக எழுதி, எச்சரிக்கை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறுவதா? அவளுக்குக் கொடுக்க வேண்டியது பாராட்டுப் பத்திரம். அதை வாங்கித் தர எனக்குத் தெரியும்.

கீழக்குடிக்கு நானே போனேன். மூன்று பஸ் மாறி. கேட் கீப்பர் பெயர் அந்தோணிச்சாமி. அவனிடம் ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். மூடிய நேரம், திறந்த நேரம், ஒரு அடித்தல் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன். அதுதான் இணைப்பு நாலு. கேஸ் ஷீட், ரிஜிஸ்டர் நகல், வரைபடம் எல்லாம் அதற்கு முன்னால். இந்தாருங்கள், இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். ‘கேட் மூடியிருந்த நேரம் முழுவதும் அந்த இடத்தில் எந்த போனுக்கும் சிக்னல் கிடையாது. ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி, யாரிடமும் கேட்க முடியவில்லை, எனக்கு இது தெரியாது, நான் என்ன செய்வேன் என்று என்னிடம் சொன்னார். பிறகு அவரே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.’ கீழே ரயில்வே முத்திரை. பார்த்தீர்களா, எனக்கு இது தெரியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். தெரியாமல் செய்திருக்கிறாள். இதைவிட என்ன வேண்டும்?

இதை இன்று கொடுத்துவிட்டால் நாளை கோப்பில் இதுதான் மேலே இருக்கும். அந்த டாக்டரம்மா காகிதத்தை அவள் நீட்டும்போது துணை இயக்குநருக்கு முன்னால் உண்மை முழுதாக இருக்கும். இந்தத் தடவை அந்த ஆள் வெட்கப்படாமல் தப்பிக்க முடியாது.

பதினாலா? ஆமாம், நான்தான். வருகிறேன்.

கொடுங்கள் அந்தப் பக்கத்தை. கூப்பிடுகிறார்கள். என்ன, படித்து முடிக்கவில்லையா? வெளியே வந்து காட்டுகிறேன். உங்கள் மனுவையும் அப்போது சரி செய்து தருகிறேன், உங்களுக்கும் இணைப்பு வேண்டும். கொடுங்கள்.

ஏன் இப்படிக் கெட்டியாகப் பிடித்திருக்கிறீர்கள்? என்ன யோசிக்கச் சொல்கிறீர்கள்? இரண்டு மாதமாக யோசித்ததுதான் இது. விடுங்கள் சார்.

கிழித்துவிட்டீர்கள், பாருங்கள்.

சரி, உட்காருங்கள். உங்கள் மேல் தப்பில்லை, காகிதத்தைப் பிடிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பையில் இன்னும் இரண்டு செட் நகல் இருக்கிறது.